வெள்ளிக்கிழமைக் கடலை

ஆக்னஸ் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கெங்கம்மாள் லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தாள். அதுவும் ஏதோ ஒரு மூலையில் இல்லை. முருகனுக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் நடுவில், மக்கா படம் போட்ட காலண்டருக்குக் கீழே. 'வேர்க்கடலை. நஞ்சு உண்டாக்கும் பூஞ்சை: இல்லை' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"மூணு சாமிக்கும் நடுவுல குந்திக்கினு இருக்குது பாரு உன் கையெழுத்து" என்று கெங்கம்மாள் சிரித்தாள். "இனிமே எவ வந்து கேட்டாலும் காட்டுவேன். எங்க புள்ளைங்க தின்றது மெஷின்ல பாஸ் பண்ண கடலைன்னு."

ஆக்னஸும் சிரித்தாள். அது புதன்கிழமை காலை. அன்று மத்தியானத்துக்கு மேல் அவளால் சிரிக்க முடியவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பின்சுவரை ஒட்டிய கூடத்தில் கெங்கம்மாள் குழந்தைகள் காப்பகம் நடத்திக்கொண்டிருந்தாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்கள் காலை ஏழரைக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சங்கு ஊதுவதற்குள் ஓடுவார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், எல்லாம் ஐந்து வயதுக்குள். காலையில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். வாரத்தில் ஆறு நாளும் அதே சட்னிதான். கடலை இலவசமாக வந்தது.

கொடுப்பவர் இஷ்தியாக் அகமது. குடியாத்தம் ரோட்டில் கடலை மண்டி வைத்திருப்பவர். அவர் மண்டியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பைப் பொறுக்குவார்கள். உருண்டு திரண்டது ஒரு பக்கம் குவியும். அது சென்னையில் கடலை மிட்டாய் கம்பெனிக்குப் போகும். சுருங்கியது, கறுத்தது, ஓரத்தில் பச்சை படர்ந்தது இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கத்தை விற்கக் கூடாது என்பது அவருடைய தகப்பனார் வைத்துவிட்டுப் போன வழக்கம். கழித்துப் போட்டதை விற்றுச் சம்பாதிக்காதே, இல்லாதவர்களுக்குக் கொடு என்று சொல்லியிருந்தாராம். மகன் அதை அட்சரம் பிசகாமல் செய்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு மூட்டை காப்பகத்துக்கு வந்துவிடும். பதினோரு வருஷமாக ஒரு வாரம்கூட நின்றதில்லை. நல்ல மனசில் பிறந்த வழக்கம் அது. நல்ல மனசின் பின்னாலேயே போய் அது கொடுத்த மூட்டையை யார் அவிழ்த்துப் பார்ப்பார்கள்?

ஆக்னஸ் பார்த்தாள். காப்பகத்துக்கு எதிர்வீடு அவளுடையது. சனிக்கிழமை கெங்கம்மாளுக்கு ஒத்தாசையாகக் கடலை வறுத்தபோது ஒன்றை வாயில் போட்டாள், கசந்தது. அந்த வருஷம் அறுவடை நேரத்தில் மழை விடாமல் கொட்டியிருந்தது. பிடுங்கிப் போட்ட செடி வயலிலேயே ஊறிக் கிடந்ததை பஸ்ஸில் போகும்போது அவளே பார்த்திருந்தாள். அவள் வேலையோ உணவுப் பரிசோதனைக் கூடத்தில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த சின்னக் கூடம், முதலாளி கிறிஸ்துராஜ். இஷ்தியாக் அகமது அந்தக் கூடத்துக்குப் பெரிய பார்ட்டி. சென்னைக்குப் போகும் ஒவ்வொரு லோடுக்கும் அங்கேதான் சான்றிதழ் வாங்குவார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணு" என்றார் கிறிஸ்துராஜ். போனில் கேட்டதும் பாய் மகிழ்ந்து போனார். "பண்ணுங்க பண்ணுங்க. பேப்பரைக் கெங்கம்மாகிட்டயே குடுத்துடுங்க" என்றார்.

கடலையை அரைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து மெஷினில் வைத்தால், நஞ்சு செய்கிற மரபணு அதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. இருந்தால் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். இல்லாவிட்டால் தரையோடு கிடக்கும். செவ்வாய்க்கிழமை கோடு தரையோடு கிடந்தது. ஆக்னஸ் அன்று காலையிலிருந்தே, ஆண்டவரே, இல்லை என்று வரட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று வந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் டியூப்களைக் கழுவ எடுத்தபோதுதான் அவள் கை நின்றது. காப்பகத்துக் கடலையின் சாறு மீதி இருந்த டியூபில் தண்ணீர் பழுப்பாக இருந்தது. அந்தப் பழுப்பை அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அவளுடைய அப்பா பேர்ணாம்பட்டில், மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கிற பட்டை டேனரியில் தொட்டி வேலை பார்த்தவர். அவர் வேட்டியில், கால் விரல் இடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் அதே நிறம்.

பட்டையின் துவர்ப்பு தோலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் விடவே விடாது. அதனால்தான் செத்த மாட்டின் தோல் அழுகாமல் லெதராகிறது. ஆம்பூர்ப் பக்கத்தில் இதை யாரும் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பதில்லை. ஆக்னஸ் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கூடத்துக்கு எப்போதும் வருவது உருண்டு திரண்ட பருப்பு; தோலை எளிதாக உரித்துவிட்டுத்தான் அரைப்பாள். சுருங்கிய கடலையில் சிவப்புத் தோல் ஒட்டிக்கொண்டு உரிய மாட்டேன் என்றது. அவள் தோலோடு அரைத்துவிட்டாள். அந்தச் சிவப்புத் தோல் முழுக்கத் துவர்ப்பு. மெஷினில் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்ட வேண்டிய என்சைமும் ஒரு புரதம்தான்.

'என் டியூபுக்குள்ளேயே ஒரு டேனரி நடந்திருக்கிறது' என்று நினைத்தாள்.

ஓடிப்போய் செவ்வாய்க்கிழமை ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு டியூபிலும், மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தெரிந்த டி.என்.ஏ. ஒன்றைச் சாட்சிக்குப் போடுவார்கள். நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாட்சிக் கோடு மட்டும் ஏறியே தீர வேண்டும். அன்று அதுவும் ஏறவில்லை. இரண்டு கோடும் செத்துக் கிடந்தன. முதல் கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டாவதை அவள் பார்க்கவேயில்லை. கேட்ட பதில் கிடைத்துவிட்டது என்று ஜெபத்தோடு சேர்த்து வேலையையும் முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் காப்பகத்து மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கடலை அள்ளிக்கொண்டு போனாள். சாற்றைப் பலமுறை கழுவினாள். நீர்த்துப் போகச் செய்தாள். மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த புரதம் கொஞ்சம் சேர்த்தாள்; மிச்சத் துவர்ப்பு போய் அதைப் பிடித்துக்கொண்டு என்சைமை விட்டுவிடும். இந்த முறை எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. "உள்ளதைக் காட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

சாட்சிக் கோடு ஏறியது. அதற்கு முன்பே இன்னொன்று ஏறிவிட்டிருந்தது.

சாயங்காலம் கிறிஸ்துராஜ் முன்னால் இரண்டு காகிதத்தையும் வைத்தாள். "சார், செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் தப்பு. தப்பு என்னுது. வாபஸ் வாங்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்டவர் இல்லை. அவளுக்குப் பிரசவமானபோது ஆறு மாசம் சம்பளத்தோடு லீவு கொடுத்தவர். "ஆக்னஸ், அடுத்த மாசம் ஆடிட். வாபஸ் வாங்கின ரிப்போர்ட் ஒண்ணு ஃபைல்ல இருந்தா அவன் ஏழு வருஷத்தையும் தோண்டுவான்."

"மறைச்சு வெச்சதுன்னு தெரிஞ்சா, சார்?"

"யாரும்மா மறைக்கறாங்க? மரபணு இருந்தா நஞ்சு இருக்குன்னு ஆயிடுமா? நீயே சொல்லு. அளவு எவ்வளோன்னு சென்னைக்கு அனுப்பிப் பார்ப்போம். பத்து நாள்ல வந்துடும். அப்புறம் முடிவு பண்ணலாம்."

"அந்தப் பத்து நாளும் புள்ளைங்க சட்னி சாப்பிடும் சார்."

"பதினோரு வருஷமா சாப்பிடுதுங்க. யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஈரல்ல ஆகறது வெளியில தெரியாது சார். வயித்து வலி மாதிரியா, உடனே கத்திச் சொல்றதுக்கு? ஒரு ரூம்ல பாம்பு இருக்குன்னு தெரிஞ்சும் புள்ளைங்களைப் படுக்க வெச்சுட்டு, இன்னும் கடிக்கலையேன்னு சொல்வீங்களா?"

கிறிஸ்துராஜுக்கு முகம் சிவந்தது. "பாய் குடுக்கறது தர்மம். அதைப் போய் விஷம்னு சொல்லச் சொல்றியா என்னை?"

"தர்மத்தை நான் ஒண்ணும் சொல்லலை. கடலையைச் சொல்றேன்."

"என்னைக் கேக்காம அங்க போய் ஏதாவது பண்ணே, அப்புறம் நீ மாடி ஏற வேணாம்."

ஆக்னஸ் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "உங்களைக் கேட்டுட்டேன் சார். நாளைக்குக் காலையில போறேன்" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் காப்பகத்தில் இட்லி வெந்துகொண்டிருந்தது. மிக்ஸியில் சட்னி அரைத்து, தாளித்து, பெரிய குண்டானில் தயாராக இருந்தது. ஆக்னஸ் நேராகச் சுவரிடம் போனாள். லேமினேட் செய்த காகிதத்தைப் பிடுங்கி இரண்டாக மடித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், குண்டானைத் தூக்கிச் சாக்கடையோரம் இருந்த குப்பை வாளியில் கவிழ்த்தாள். பக்கத்தில் இருந்த பினாயில் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றினாள்.

"ஐயய்யோ, இன்னாடி பண்றே!" கெங்கம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். "புத்தி கித்தி கெட்டுப் போச்சா உனுக்கு? முப்பத்தெட்டுப் புள்ளைங்க சட்னி!"

"அந்தப் பேப்பர் தப்புக்கா. நான்தான் சரியாப் பார்க்கலை. இந்தக் கடலையில நஞ்சு பண்ற பூஞ்சை இருக்குது."

"முந்தாநேத்து இல்லைன்னே, இன்னிக்கு இருக்குதுன்றே. நாளைக்கு இன்னா சொல்லுவே?" கெங்கம்மாள் கரண்டியை வாளிப் பக்கம் நீட்டினாள். "நீ கவுத்துட்டுப் போய்டுவே. பாய் கோச்சுக்கினு மூட்டையை நிறுத்திட்டா, நாளையிலேர்ந்து நான் எதை அரைச்சு ஊத்துவேன்? உன் மெஷினையா?"

"எதை ஊத்தறதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். இதை ஊத்த நான் விட மாட்டேன்."

பிள்ளைகளை விட வந்த பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "பினாயில் ஊத்திட்டாளா? சோத்து விஷயத்துலயா?" என்றாள் ஒருத்தி. "பாய் குடுக்கறதைத் தடுக்க இவ யாரு, கலெக்டரா?" என்றாள் இன்னொருத்தி. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஹஃப்ஸா மட்டும், "ஆக்னஸ் சும்மா சொல்ல மாட்டாங்க, இருங்கடி" என்றாள். கம்பெனியின் முதல் சங்கு ஊதியது. ஆனாலும் யாரும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து மூட்டை வந்தது. ஆட்டோவின் பின்சீட்டில் மூட்டை, அதற்குப் பின்னால் ஸ்கூட்டரில் இஷ்தியாக் அகமது. கிறிஸ்துராஜ் அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, தொழுகைக்குப் பூசிய அத்தர் வாசனை. இறங்கியதும் வாளியைப் பார்த்தார். பினாயிலில் மிதந்த சட்னியைப் பார்த்தார்.

"டெஸ்ட்டு பொண்ணு நீதானா?"

"நான்தான் பாய்."

"எங்க வாலித், எங்க அப்பா காலத்துலேர்ந்து குடுக்கறோம். ஒரு ரூபா கேட்டிருக்கேனா இவங்ககிட்ட? வித்தா ஆயில் மில்காரன் வாசல்ல வந்து நின்னு வாங்குவான். அல்லாவுக்காகக் குடுக்கறதைச் சாக்கடையில ஊத்திட்டியே, நீ கோயிலுக்குப் போற பொண்ணுதானே?"

"கோயிலுக்குப் போற பொண்ணுதான். அதனாலதான் ஊத்தினேன்." அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "நீங்க அல்லாவுக்காகன்னு நினைச்சுத்தான் குடுத்தீங்க. ஆனா மூட்டையில வந்தது உங்க பொம்பளைங்க, இது ஆகாதுன்னு ஒதுக்கினது. சென்னைக்காரன் வேணாம்னான். உங்க வூட்டுல இதை அரைப்பீங்களா பாய்?"

ஊரில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

"அரைப்பேன்" என்றார் அவர். ஆட்டோ அருகே போய் மூட்டையின் தையலைப் பிரித்து உள்ளே கையை விட்டார். கை நிறையக் கடலை. "இன்னா இது, விஷமா? எல்லாரும் பாருங்க" என்று வாய்க்குக் கொண்டுபோனார்.

ஆக்னஸ் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. அவர் கையை உதறினார்; அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். "வேணாம் பாய். உங்களுக்கும் ஈரல் இருக்குது. கீழ போடுங்க."

"நான் தின்னா உனுக்கு இன்னா? உன்னைத் திட்டறவன்தானே நான்?"

"திட்டுங்க. தின்னாதீங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் நின்றது. பிடி மட்டும் தளரவில்லை. தன்னோடு சண்டை போட வந்தவள் தனக்காகவே பயப்படுகிறாள் என்பது மெல்ல அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். விரல்கள் விரிந்தன. கடலை தரையில் கொட்டியது.

"கையை விடும்மா" என்றார், குரல் தணிந்து. "பாரு, தாடியில எல்லாம் கடலைத் தூசி ஒட்டிக்கிச்சு. இன்னா ஆச்சுன்னு சொல்லு."

அவள் இரண்டு காகிதத்தையும் விரித்துக் காட்டினாள். சாட்சிக் கோடு ஏறாததை, ஏறாததைத் தான் பார்க்காததை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை மறைக்காமல் சொன்னாள். சிவப்புத் தோலின் துவர்ப்பு என்சைமைப் பிடித்துக்கொண்டது என்றதும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பட்டைத் தொட்டி மாதிரியா?"

"அதே மாதிரிதான் பாய்."

"பட்டைத் தொட்டியில எது வுழுந்தாலும் அதோட கதை முடிஞ்சுது" என்றார். தலையை ஆட்டினார். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. மூட்டையின் பிரிந்த வாயைச் சேர்த்துப் பிடித்தார். "நம்ம கையால வாங்க மாட்டோம்ன்றதைக் குடுக்கக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல எத்தனை வாட்டி கேட்டிருக்கேன். அது துணிமணிக்குச் சொன்னதுன்னு இருந்துட்டேன். சரி, இதை ஆயில் மில்லுக்குப் போட்டுடட்டுமா?"

"வேணாம் பாய். பிண்ணாக்கை மாடு தின்னும். நஞ்சு பால்ல வந்துடும். மறுபடி புள்ளைங்களுக்குத்தான்."

"அப்போ எரிக்கணும்."

"எரிச்சுடுங்க. ஒவ்வொரு வாரமும்."

"ரொம்பப் பேஜார் புடிச்ச பொண்ணு நீ" என்றார். ஆட்டோக்காரரிடம் திரும்பி, "இதை மண்டிக்குக் கொண்டுபோய்த் தனியா வெச்சுப் பூட்டு. சென்னை லோடுல பொறுக்கின பருப்பு இருக்கு பாரு, அதுல ஒரு மூட்டை எடுத்துட்டு வா" என்றார்.

கெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வர்றதுக்குள்ள மிக்ஸியைக் கழுவி வெச்சுடறேன் பாய்."

"கழுவு அக்கா. அரைக்க வேணாம்" என்றாள் ஆக்னஸ். "டெஸ்ட் பண்ணாம அதுவும் அடுப்புக்குப் போகாது."

"அது முதல் தரம்மா! சென்னைக்குப் போறது!"

"எந்தத் தரமா இருந்தாலும்தான் பாய். இந்த வருஷம் மழை."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாய் இரண்டு கையையும் விரித்தார். இரண்டாவது சங்கு ஊத, பெண்கள் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு ஓடினார்கள். பினாயிலைப் பற்றிக் கேட்டவள் ஓடுகிற வாக்கில் ஆக்னஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

முப்பத்தெட்டுத் தட்டிலும் இட்லி வைத்து, சர்க்கரை போட்டு, நல்லெண்ணெய் ஊற்றினார்கள். பதினோரு வருஷமாக மூட்டை வந்திருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க இஷ்தியாக் அகமது உள்ளே வந்தது அன்றுதான். ஒரு சின்னப் பெண் தட்டை அவரிடமே நீட்டி, "சட்னி?" என்றாள்.

"இன்னிக்கு இல்லை கண்ணு" என்றார். கெங்கம்மாளிடமிருந்து சர்க்கரை டப்பாவை வாங்கி, அந்தத் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டார். பக்கத்துத் தட்டும் நீண்டது. அவர் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

புது மூட்டை வந்ததும் ஆக்னஸ் மேலே, நடுவில், அடியில் என்று அள்ளி ஒரு பையில் கட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாடிப்படி ஏறினாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு பாயும் ஏறினார். "நான் பேசறேன் கிறிஸ்துராஜ்கிட்ட, நீ சும்மா இரு" என்றார்.

"நீங்க அப்புறம் பேசுங்க பாய். முதல்ல நான்."

கிறிஸ்துராஜ் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். "உன்னை மாடி ஏற வேணாம்னு சொன்னேனே?"

"சொன்னீங்க சார். ஏறிட்டேன்." மடித்த லேமினேட் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள். "இது செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட். மேலேயே மார்க்கர்ல வாபஸ்னு எழுதி, என் பேரையும் என் தப்பையும் கீழே எழுதிட்டேன். ஆடிட்டர் கேட்டா என்னைக் கூப்பிடுங்க, நான் பதில் சொல்றேன்." கடலைப் பையை உயர்த்திக் காட்டினாள். "இது புது சாம்பிள். நாளைக்குக் காலையில முப்பத்தெட்டுப் பேர் சட்னிக்கு உக்காந்திருப்பாங்க. ரிஜிஸ்டர்ல ஏத்தணும். கொஞ்சம் வழி விடுங்க சார்."

அவர் பையைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் சர்க்கரை ஒட்டிய விரல்களோடு நின்ற பாயைப் பார்த்தார். காகிதத்தில் இருந்த அவள் எழுத்தை மெதுவாக, கடைசி வரி வரை படித்தார். பிறகு ஒதுங்கி நின்றார்.

ஆக்னஸ் உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு, கடலையின் தோலை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள்.